நூலால் வரையும் வாவி: எங்கள் மெசின் எம்ப்ரொய்டரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடி உப்போடையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கும் துண்டு நிலத்தில் எங்கள் வீடு. நான் பள்ளிக்கூடத்தில் தையலும் மனைப்பொருளியலும் படிப்பித்தவள். என் கணவர் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞராக இருந்து பென்சன் எடுத்தவர். இரண்டு பேரும் சேர்ந்து நூலால் படம் செய்து விற்கிறோம். படம் பார்க்க வருகிறவர்களும் தொலைபேசியில் விசாரிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரு கொப்பியில் எழுதிவைத்திருந்தேன். பதில்களோடு இங்கே தருகிறேன். ‘இவர்’ என்று வரும் இடமெல்லாம் என் கணவர்தான்.

இது கையால் தைத்ததா, மெசின் தைத்ததா?

மெசினில் தைத்தது. ஆனால் எங்களிடம் இரண்டு விதமான மெசின் இருக்கிறது, வேலையும் இரண்டு விதம்.

ஒன்று என் அம்மாவின் கால் மெசின். 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போய்விட்டது. சேற்றுக்குள் கிடந்த மெசினை அம்மா தூக்கி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, மெசின் எண்ணெய் விட்டு, ஒரு கிழமைக்குள் ஓடவைத்தார். அதில்தான் நான் பழகினேன். துணியை அழுத்தும் காலைக் கழற்றிவிட்டு, துணியை முன்னே தள்ளும் பல்லையும் இறக்கிவிட்டால், மெசின் துணியை எந்தப் பக்கமும் இழுக்காது. ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். வளையத்தில் இறுக்கிய துணியை இரண்டு கையாலும் நகர்த்தி நாங்கள்தான் கோடு போட வேண்டும். பேனாவை அசையாமல் பிடித்துக்கொண்டு தாளை நகர்த்தி எழுதுவது போன்ற வேலை இது. கால் போகும் வேகமும் கை போகும் வேகமும் ஒத்துவராவிட்டால் ஒரு தையல் நீளும், அடுத்தது குறுகும், கடைசியில் ஊசி முறியும்.

மற்றது கணினி மெசின். இதில் வளையத்தை மெசினே நகர்த்தும். எந்த இடத்தில் குத்துவது, எந்தத் திசையில் போவது, எங்கே நூலை வெட்டுவது என்று ஒவ்வொரு குத்தையும் சொல்லும் கோப்பை இவர் கணினியில் வரைகிறார்.

எங்கள் படங்களில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். பாலம், வெளிச்சவீடு, எழுத்து எல்லாம் கணினி மெசினில் போகும். தண்ணீர், கண்டல் இலை, தலைமயிர் என்று அசைவு உள்ளதெல்லாம் கால் மெசினில்.

கணினி வந்த பிறகு வந்த புதுக் கலையா இது?

இல்லை. பிரான்சில் ஜோசுவே ஹைல்மன் 1828இல் எம்ப்ரொய்டரி மெசின் செய்துவிட்டார். நூலைக் கப்பல் வடிவக் கூட்டில் வைத்து ஓட்டும் ‘ஷிஃப்லி’ மெசினை சுவிஸ்காரர் ஐசாக் குரோப்லி 1860களில் கண்டுபிடித்தார். சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. நம் பாட்டிமார் தலையணை உறையில் கால் மெசினால் பூ அடித்தது இந்தக் கலையின் ஒரு கிளைதான்.

மெசினே தைக்கிறது என்றால் ஏன் இந்த விலை?

கேட்க வேண்டிய கேள்வி, கணக்கோடு சொல்கிறேன். 130க்கு 180 மில்லிமீற்றர் வளையத்துக்குள் வரும் எங்கள் கல்லடிப் பாலம் படத்தில் 48,000 குத்து. மெசினை நிமிடத்துக்கு 600 குத்தில் ஓட்டுகிறோம், ஆக 80 நிமிடம். 14 தடவை நூல் மாற்ற வேண்டும். இடையில் நூல் அறுவதையும் சேர்த்தால் இரண்டு மணித்தியாலம் என்று வையுங்கள். நீங்கள் விறாந்தையில் நின்று பார்ப்பது இந்த இரண்டு மணித்தியாலத்தை மட்டுந்தான்.

அதற்கு முன்னால் இவர் நாலு நாள் கணினிக்கு முன் இருந்திருப்பார். 1924இல் திறந்த அந்தப் பழைய பாலத்தில் இரும்புச் சட்டம் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தெரியும். பின்னால் நிற்கிற சட்டத்தை முதலில் தைத்து, முன்னால் நிற்பதைக் கடைசியில் தைத்தால்தான் பாலத்துக்கு ஆழம் வரும். வரிசை பிசகினால் எல்லாம் ஒட்டிப் போய்ப் பாய் பின்னியது போல இருக்கும். பழைய துணியில் மூன்று முறை தைத்துப் பார்த்துப் பிழை திருத்தியிருப்போம். பிறகு என் பங்குக்குக் கால் மெசினில் ஒரு முழுப்பகல். விலையில் நீங்கள் தருவது இரண்டு பேருடைய அந்த நாட்களுக்கான கூலி. அதோடு நூல், துணி, பிரேம். பேரம் பேசுகிறவர்களோடு எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் குறைத்துத் தருவதும் இல்லை.

வாவியின் தண்ணீருக்கு எத்தனை நீல நூல் போட்டிருக்கிறீர்கள்?

இரண்டு. சில படங்களில் ஒன்றே ஒன்று.

இதை நம்ப மறுக்கிறவர்களுக்கு ஒரு துண்டுத் துணி வைத்திருக்கிறேன். ஒரே கட்டையிலிருந்து எடுத்த ஒரே நீல நூல். ஒரு கட்டத்தில் குறுக்காகத் தைத்திருக்கிறது, பக்கத்துக் கட்டத்தில் சரிவாக. கையில் தந்துவிட்டு மெல்லத் திருப்பச் சொல்வேன். ஒரு கட்டம் வெளுக்கும்போது மற்றது இருளும், இன்னும் திருப்பினால் அது மாறிப்போகும். ரேயோன் நூல் பட்டுப் போல மினுங்குவது. அதன் நீளவாட்டில் விழுகிற வெளிச்சம் ஒரு விதமாகத் திரும்பும், குறுக்கே விழுகிற வெளிச்சம் வேறு விதமாகத் திரும்பும். ஆகவே எங்களுக்கு நிறத்தை விட நூல் போகும் திசைதான் பெரிய விசயம்.

இதை நாங்கள் கண்டுபிடித்தது ஒரு சண்டையில். முதல் பாலம் படத்துக்கு இவர் ஆறு நீலம் எடுத்து, படவரைஞர் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே சரிவில் கோடு போட்டு நிரப்பியிருந்தார். எனக்கு அது தண்ணீராகவே தெரியவில்லை, நீலச் சுவர் மாதிரி இருந்தது. “தண்ணி படுத்துக் கிடக்கிற சாமானுங்க, ஏன் நிமித்தி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விடிய எழும்பி என்னைப் பழைய பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தோணி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் வெள்ளியாகவும் மறுபக்கம் கரும்பச்சையாகவும் கிடந்தது. தண்ணீர் ஒன்றுதான், சாய்ந்த பக்கம் வேறு. வீட்டுக்கு வந்து ஆறு நீலத்தில் நாலை எடுத்து வைத்துவிட்டார்.

நான் தைக்கும்போது வட்டம் முட்டை போல ஆகிறது. ஏன்?

ஒவ்வொரு தையலும் துணியைத் தான் போகும் திசையில் கொஞ்சம் உள்ளே இழுக்கும். ஆயிரம் தையல் சேர்ந்து இழுத்தால் வட்டம் ஒடுங்கிவிடும். எங்கள் முதலாவது பூரணை நிலாவும் முட்டையாகத்தான் வந்தது. கோப்பில் தையல் போகும் திசையில் மட்டும் இரண்டு பக்கமும் 0.3 அல்லது 0.4 மில்லிமீற்றர் கூட்டி வரையுங்கள். திரையில் கோணலாகத் தெரியும், துணியில் வட்டமாக இறங்கும். துணி வளையத்தில் மேளத்தோல் போல இருக்க வேண்டும். ஆனால் வளையத்தில் போட்ட பிறகு ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்த துணி, வளையத்தைக் கழற்றியதும் பழையபடி சுருங்கும், படமும் சேர்ந்து சுருங்கும்.

எங்கள் அப்பா அம்மாவின் படத்தைப் பார்த்துத் தைத்துத் தருவீர்களா?

தருவோம். எங்களுக்கு ஆகக் கூடுதலாக வரும் வேலை இதுதான், ஆகக் கூடுதலான நாள் எடுப்பதும் இதுதான். முகம் மட்டும் குறைந்தது 8 சென்ரிமீற்றர் உயரம் வர வேண்டும். அதற்குக் கீழே போனால் கண்ணிமைக்கும் உதட்டுக்கும் நூல் பருத்துவிடும்.

கனடாவில் இருக்கும் ஒரு பிள்ளை தன் தாயின் படம் கேட்டார். அவர்களுடைய வீடு நாவலடியில். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தாயும் போய், வீட்டிலிருந்த படங்களும் போய்விட்டன. மிஞ்சியது அடையாள அட்டைக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒரு பிரதி. “அம்மா கத்தரிப்பூ நிறத்தில ஒரு சாரி உடுப்பா, அதுதான் எனக்கு ஞாபகம்” என்றார். கத்தரிப்பூ நிறத்தில் எங்களிடம் ஆறு நூல் இருந்தது. தொலைபேசித் திரையில் நிறம் ஒரு நாளும் சரியாகத் தெரியாது. அதனால் ஆறிலும் விரல் நீளம் வெட்டி, ஒரு மட்டையில் வரிசையாக ஒட்டி, நம்பர் போட்டுத் தபாலில் அனுப்பினோம். சில கிழமைக்குப் பிறகு கடித உறை ஒன்று வந்தது. உள்ளே நாலாம் நம்பர் நூல் மட்டும், ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டியிருந்தது. ஒரு சொல் எழுதியிருக்கவில்லை.

அந்த முகத்தில் கடைசியாகத் தைத்தது கருவிழிக்குள் இருக்கும் வெளிச்சப் பொட்டு. மூன்றே மூன்று குத்து, வெள்ளை நூல். எந்த முகத்திலும் அதைக் கடைசிக்குத்தான் வைப்போம், கால் மெசினில் சில்லைக் கையால் உருட்டி, ஒவ்வொரு குத்தாக. அது விழும்வரை துணியில் இருப்பது ஒரு படம். விழுந்த பிறகு அவர் நம்மைப் பார்க்கத் தொடங்குவார். இவர் அந்த நேரம் அறைக்குள் பேச மாட்டார்.

படம் அனுப்பும்போது கிடைத்ததில் ஆகப் பழைய பிரதியை அனுப்புங்கள். ஸ்ரூடியோவில் மெருகேற்றிய படத்தில் முகத்தின் நிழல் எல்லாம் அழிந்திருக்கும். எங்களுக்குத் தேவையே அந்த நிழல்தான்.

சாமி படம், கோயில் திரைச்சீலை, அரபு எழுத்து செய்வீர்களா?

செய்வோம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு முன்னால் திரைச்சீலை கேட்டு வருவார்கள். தை மாதமே சொல்லிவிடுங்கள். விளக்குப் புகையும் எண்ணெயும் படும் துணி என்பதால், கழுவத் தாங்கும் பொலியெஸ்ரர் நூல்தான் போடுவோம். வடமோடிக் கூத்து உடுப்புக்கு நெஞ்சுப் பட்டி ஒன்றும் செய்துகொடுத்திருக்கிறோம்.

காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வருகிறவர்கள் வீட்டில் மாட்ட அரபு வசனம் கேட்பார்கள். எழுத்தை நீங்களே, வாசிக்கத் தெரிந்தவரிடம் எழுதுவித்துக் கொண்டுவர வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் எழுத்தே மாறிவிடும். பழந்துணியில் தைத்த மாதிரியை அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் நல்ல துணியில் கைவைப்போம்.

என்ன துணி பாவிக்கிறீர்கள்?

முடிந்தவரை மருதமுனைக் கைத்தறி. அந்த இழை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருப்பதால், வெறுமையாக விட்ட இடம்கூட வானம் போல உயிரோடு தெரியும். ஆனால் கைத்தறி இளக்கமான நெசவு. தையல் உள்ளே புதையும். அதனால் துணியை முதலில் நனைத்துக் காயவைத்து, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டு, பிறகு அடியில் இரண்டு அடித்தாள் வைக்கிறோம். அடித்தாள் என்பது நெய்யாத துணி, தாள் போல இருக்கும், தையலைத் தாங்குவது அதுதான்.

இரண்டு பேரும் ஒரே வேலையைச் சண்டையில்லாமல் எப்படிச் செய்கிறீர்கள்?

சண்டையோடுதான். மேலே சொன்னேனே.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கோடு இவருடையது, நூல் நம்பர் என்னுடையது. தைத்து முடிந்த படத்தை வளையத்திலிருந்து கழற்றாமல் விறாந்தைச் சுவரில் சாய்த்து வைப்போம். பின்னேரம் நாலு மணிக்கு வாவிப் பக்க வெயில் சரிந்து வரும்போது சாய்மனைக் கதிரையில் இருந்து முதலில் ஒருவர் பார்ப்பார், பிறகு மற்றவர். ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் படம் வெளியே போகாது. அப்படி நின்றுபோனவை அலுமாரியில் ஒரு கட்டு இருக்கிறது.

அந்தக் கட்டில் சில படங்கள் இவருடைய கண் வெண்புரைச் சத்திரசிகிச்சைக்கு முந்தியவை. வெண்புரை வளர்ந்த கண்ணுக்கு எல்லாம் மஞ்சள் தட்டித் தெரியும், நீலம் மங்கும். அது தெரியாமல் இவர் “இன்னும் நீலம் போடு புள்ள” என்றுகொண்டே இருந்தார். நானும் போட்டேன். சத்திரசிகிச்சை முடிந்து கட்டு அவிழ்த்த மறுநாள், சுவரில் இருந்த வாவியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். “இது நம்மட வாவி இல்லையே” என்றார். அன்று இரவே நூல்பெட்டியைக் கட்டிலில் கொட்டி, நீலம் பச்சை எல்லாவற்றுக்கும் திரும்ப நம்பர் போட்டோம். ஐம்பது அறுபது தாண்டியவர்கள் நூல் தெரிவு செய்யும்போது கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நானும் பழக விரும்புகிறேன். எந்த மெசின் வாங்கலாம்?

வாங்காதீர்கள், முதலில் வீட்டில் இருப்பதில் பழகுங்கள். பல்லை இறக்கக்கூடிய எந்த மெசினும் போதும். பல் இறங்காத பழைய மெசின் என்றால் மேலே தகடு போட்டு மூடலாம். முதல் மாதம் படம் எதுவும் வேண்டாம், உங்கள் பெயரைத் தைத்துக்கொண்டே இருங்கள்.

கணினி மெசின் வாங்கும் கட்டம் வந்தால், வளையத்தின் அளவைப் பாருங்கள். 100க்கு 100 மில்லிமீற்றர் சீக்கிரமே போதாமல் போகும். பிரதர் மெசின் பி.இ.எஸ். கோப்பை வாசிக்கும், ஜானோமி ஜே.இ.எஃப். கோப்பை வாசிக்கும். தொழிற்சாலை மெசின்கள் பெரும்பாலும் டி.எஸ்.ரி. எடுக்கும். கோப்புச் செய்ய ‘இங்க் ஸ்டிச்’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இவர் அதில்தான் பழகினார்.

பழக வருகிறவர்கள் எல்லாரும் அழுவது ஒரே இடத்தில்: துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். கீழே சிக்குவதால், கீழ் நூல் சுற்றிய பொபினைத் திட்டுவார்கள். பிழை பெரும்பாலும் மேல் நூலில். துணியை அழுத்தும் காலைக் கீழே இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோத்தால், நூல் இறுக்கும் தட்டுகளுக்கு இடையில் போய் உட்காராது. அந்தக் காலைத் தூக்கிவிட்டுத் திரும்ப நூலைக் கோத்துவிடுங்கள். இறுக்கம் சரியா என்று பார்க்க, அடர்த்தியாக நிரப்பிய ஒரு பட்டியைத் தைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பொபின் நூலும் இரண்டு கரையிலும் மேல் நூலும் தெரிந்தால் சரி. ஊசியை எட்டு மணித்தியாலத் தையலுக்கு ஒருமுறை மாற்றுங்கள். முறியும் வரை பார்த்திருக்க வேண்டாம்.

சனிக்கிழமை காலையில் இரண்டு பேருக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. ஊசியும் துணியும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.

கரண்ட் போனால்?

எங்கள் மெசின் நின்ற குத்தை ஞாபகம் வைத்திருக்கும். வளையத்தைக் கழற்றாமல் விட்டால் அதே இடத்திலிருந்து தொடரலாம். 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போன நாட்களில் கணினி மெசினை மூடிவைத்துவிட்டுக் கால் மெசினில்தான் சீவித்தோம். இப்போது விற்கும் கண்டல் காட்டுப் படங்கள் அந்த நாட்களில் தொடங்கியவை.

படத்தை எங்கே மாட்டுவது? கழுவலாமா?

நேர் வெயில் படாத சுவர். ரேயோன் நிறம் வெயிலில் வெளுக்கும். நம் ஊரில் வெயிலை விட மோசமானது நவம்பர் தொடங்கி தை வரை இருக்கும் ஈரம். வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவரில் மாட்டுங்கள். பிரேம் போடும்போது கண்ணாடி நூலில் முட்டக் கூடாது, நடுவில் மெல்லிய சட்டம் வைக்கச் சொல்லுங்கள்.

சுவர்ப் படத்தைக் கழுவ வேண்டாம். மென்மையான பிரசால் தட்டினால் போதும். தலையணை உறை, மேசைவிரிப்பு என்றால் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், பிழிய வேண்டாம். ஈரமான ரேயோன் பலம் குறைந்தது. அயன் பண்ணுவதானால் தடித்த துவாயில் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கமாக.

கோப்பை மட்டும் விற்பீர்களா?

மாட்டோம். ஒருமுறை நம்பிக் கொடுத்தோம். இவர் நாலு நாள் இருந்து வரைந்த பாலம், ஆறே மாதத்தில் ஒரு கடையில் பொலித்தீன் பையில் தொங்கியது, தண்ணீர் முழுக்க ஒரே சரிவில். இவருக்கு வேதனை தந்தது அந்தத் தண்ணீர்தான்.

வெளிநாட்டுக்கு அனுப்புவீர்களா?

அனுப்புவோம், பிரேம் இல்லாமல். தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி குழாயில் சுற்றி அனுப்புகிறோம். உள்பக்கமாகச் சுற்றினால் நூல் நெரிந்து கோடு விழும். வந்ததும் அவிழ்த்து, ஒருநாள் விரித்துவைத்துவிட்டுப் பிறகு பிரேம் கடைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டுக்கு வந்து பார்க்கலாமா?

வாருங்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கத் திருவிழா நடக்கும் நாட்களில் மட்டும் வேலை நிற்கும். படம் சொல்லிச் செய்விக்க வருகிறவர்கள், அதை எந்தச் சுவரில் மாட்டப்போகிறீர்கள், அந்தச் சுவருக்கு யன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். வெளிச்சம் இடக்கைப் பக்கத்தால் வருகிறதா வலக்கைப் பக்கத்தால் வருகிறதா என்று கேட்டு எழுதிவைத்த பிறகுதான் இவர் தண்ணீருக்குக் கோடு போடத் தொடங்குவார்.